இடது சீட்டு உத்தியோகம்

கார் வாங்கப் போகும் கணவனோடு கூடப் போவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சொன்னதைக் கேட்க ஆளும் கிடையாது. இதே தொழிலில் குப்பை கொட்டும் சகோதரிகள் இந்த ஏரியாவில் ஏராளம் பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் புதிதாக நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சேர்ந்து பல்லைக் கடிக்கலாம், அவ்வளவுதான்.

எங்கள் வீடு படப்பையில். எங்கள் வீட்டுக்காரர் ஒரகடத்தில், கார்களுக்கு சீட் செய்து கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறார். பல வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார். அதனால் எங்கள் பழைய சின்னக் கார் என் கையில் இருந்தது. குன்றத்தூரில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு, வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு அதில்தான் கூட்டிப்போவேன். சீட் தாழ்வு என்பதால் இரண்டு தலையணை போட்டு உட்கார வைப்பேன். இந்த நேரம் பார்த்து இவருக்கு புரமோஷன் வந்தது. மேனேஜர் பஸ்ஸில் போகக் கூடாதாம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரே வண்டி, புதிதாக. பிசியோதெரபி நாட்களில் வண்டி எனக்கு என்று வாக்குக் கொடுத்தார். பாய்ந்து போகும் ஸ்போர்ட்ஸ் செடானா, உயரமாக நிற்கும் குடும்ப வண்டியா என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு கேள்வி இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலர் அட்டை

முதலில் போனது ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் ஒரு ஷோரூம். டை கட்டிய பையன் எஞ்சின், டர்போ, பிக்கப் என்று எல்லாவற்றையும் இவர் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லித் தந்தார்கள். அவர்கள் யாரும் கார் வாங்கப் போனதில்லை. நான் குறுக்கே பேசினேன். “சீட் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்? இடுப்புல ஆபரேஷன் ஆனவர் உக்காரணும். முட்டிக்குக் கீழ எறங்கி உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

பையன் என்னைப் பார்த்தான். சீட் செய்து சோறு சாப்பிடும் என் வீட்டுக்காரர் காபியைப் பார்த்தார். பையன் இடது பக்கக் கதவைத் திறந்து, மேலே மடித்து வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கி, அதில் விளக்கு எரிவதைக் காட்டினான். பிறகு ஒரு கலர் அட்டையை என் கையில் கொடுத்துச் சொன்னான்: “மேடம், கலர் நீங்க செலக்ட் பண்ணுங்க. வண்டிய சார் பாத்துக்குவார்.”

வேகத்தடை

டெஸ்ட் டிரைவ் ஒரகடம் ரோட்டில். இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. காலேஜ் பையன் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நடுவே ஒரு கன்டெய்னர் லாரி, ரோட்டை மொத்தமாக அடைத்துக்கொண்டு, அதன் பாட்டுக்கு நிதானமாக யு-டர்ன் எடுத்தது. பிரேக். என் ஹேண்ட்பேக் காலடியில் கொட்டியது.

திரும்பும்போது பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடை. அம்மிக்கல்லைத் தரையில் இழுத்தது போல வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு சத்தம். பின் சீட்டில் இருந்த ஷோரூம் பையன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குப் பழகிய சத்தம் போலிருக்கிறது. இவர் இறங்கி, குனிந்து பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “இது ரோட்டு மேல தப்பு. வண்டி மேல ஒரு தப்பும் இல்ல.”

அப்பா அரசியல் பேசினார்

இன்னொரு ஷோரூமுக்கு நானே போன் செய்து, உயரமான வண்டியைக் குன்றத்தூருக்கே வரவழைத்தேன். அப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்காருவது போல உட்கார்ந்தார். தலையணை இல்லை, தாங்கல் இல்லை. நான் ஓட்டினேன். மலைக்கோயில் அடிவாரத்துச் சந்துகளைச் சுற்றி வந்தோம். வழி முழுக்க அப்பா அரசியல் பேசினார். எல்லாக் கட்சியையும் திட்டினார். வலி இல்லாத நாளில்தான் அவருக்கு அரசியல் வரும்.

பின் சீட்டில் இவர், ஸ்கூலுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்ட பிள்ளை போல, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி கொண்டுவந்த பெண் மரியாதையாக, “எப்படி சார் இருக்கு?” என்று கேட்டாள். அவர் சொன்னார்: “நல்லாதாம்மா இருக்கு. ஆனா எங்கிட்ட வேலை பாக்கற பசங்க எல்லாரும் இதத்தான் வெச்சிருக்கானுங்க.”

தரையில் படுத்த வண்டி

செடானை புக் செய்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். நான் வெள்ளை சொல்லியிருந்தேன். சிவப்பு வந்தது. ரிப்பன், அட்டையில் செய்த ராட்சத சாவி, போட்டோ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் முறைப்படி நடந்தன. வீட்டு வாசலில் மட்டும் முறை தவறியது. சரிவில் வண்டியின் மூக்கு இடித்து, ஏற மாட்டேன் என்று நின்றது. நான் ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டு, கிணற்றிலிருந்து ஏறுவது போல ஏறி வெளியே வந்தேன்.

மறுநாள் கொத்தனார் வந்து சரிவை உடைத்தார். எதிர்வீட்டுக் கன்னியம்மா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். இப்போது எங்கள் வீடு இருக்கும் இடத்தில் அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் நெல் போட்டது. பிள்ளைகள் இருவரும் இப்போது ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். அவள் காரையும் கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இன்னாம்மா இது, வண்டி தரையில படுத்துகினு கீது? அதுக்காவ வூட்ட ஒடைக்கிறீங்களா?”

ஆஸ்பத்திரி வாசல்

புது வண்டி வந்த பிறகு முதல் பிசியோதெரபி நாளுக்குத் தானே ஓட்டி வருவதாக இவர் சொன்னார். மாமனாருக்குக் காட்ட வேண்டாமா? அப்பா வண்டியைப் பார்த்தார். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று உட்காரப் போனார். தலையணைகள் போட்டும் கடைசி ஒரு சாண் உட்காரவில்லை, விழுந்தார். வழியில் அரசியல் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இவர் கையைப் பிடித்து இழுத்தார். அப்பாவின் குரலை நான் அதட்டலாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்று வேறு ஒரு சத்தம் வந்தது. வீல்சேருடன் இரண்டு பேர் ஓடி வந்து, அக்குளிலும் தொடையிலும் கை கொடுத்து அவரைத் தூக்கி எடுத்தார்கள். போகிற வருகிறவர்கள் காரைத்தான் பார்த்தார்கள். அந்த இருவரில் வயதானவர் மூச்சு வாங்கிக்கொண்டு இவரிடம் சொன்னார்: “சார், இது பேஷன்ட் ஏத்துற வண்டி இல்ல. அடுத்த வாட்டி ஆட்டோல கூட்டினு வாங்க.”

கேட்

இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு சட்டம் உண்டு. கார் கம்பெனிகள் சிலவற்றில், அவர்கள் செய்த கார் மட்டுமே கேட்டுக்குள் போகலாம். வேறு கம்பெனி வண்டி என்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். சட்டம் இவருக்கும் தெரியும். மேனேஜருக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டார். புரமோஷனில் கிடைத்த வேலையே தினமும் கஸ்டமர் கம்பெனிக்குப் போய் நிற்பதுதான். கஸ்டமர் யார் என்கிறீர்கள்? அப்பா அரசியல் பேசிக்கொண்டு வந்தாரே, அந்த உயரமான வண்டியைச் செய்கிறவர்கள். அவர் உட்கார்ந்த சீட்டே எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் தைத்ததுதான்.

சிவப்பு வண்டி வெளியே, லாரிகளுக்கு நடுவில், மண்ணில் நின்றது. அதன் மேல் யாரோ டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். இவர் பாலிஷ் போட்ட ஷூவோடு நடந்து போயிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செக்யூரிட்டி தன்னிடம் சொன்னதை, ராத்திரி சாப்பிடும்போது இவரே ஆத்திரத்தோடு பேசிக் காட்டினார்: “சார், நீங்க யாரா வேணா இருங்க. இது நம்ம வண்டி இல்லல்லா, வெளிய போட்டுட்டு நடந்து வாங்க.”

எனக்காக வாங்கிய வண்டி

கொஞ்ச நாளில் உயரமான வண்டியும் வந்தது. வெள்ளை. எனக்காக வாங்கியது என்று ஊர் முழுக்கச் சொன்னார். அப்பாவுக்கு போன் போட்டும் சொன்னார். சாவியை வாங்கி வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டேன். இனிமேல் தலையணை வேண்டாம் என்று உறையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். பிசியோதெரபி அன்று காலையில் கொத்தில் அந்தச் சாவி இல்லை. போன் செய்தேன். அவர் கேட்டுக்குள் இருந்தார். வெள்ளை வண்டியில் போனால் செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறானாம். சிவப்பு வண்டி? போர்டிகோவில், உறை போட்டு. பவர் ஜாஸ்தி, நான் தொடக் கூடாதாம். தொட்டாலும் அதில் அப்பாவை ஏற்ற முடியாது.

அன்று நான் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறிக் குன்றத்தூர் போனேன். அங்கிருந்து அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வாங்கின வண்டி எங்கே என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி இவரிடம் நேராகக் கேட்டேன்: “ஏங்க, என் வண்டி என்னிக்குத்தான் என் கைக்கு வரும்?” பிசியோதெரபி ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை முழுக்க உனக்குத்தான், யாரு வேணாம்னா?”

அவருக்கு வந்த அதே புரமோஷனில், சக ஊழியர்களே, நானும் இடது சீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவின் நடு சீட்டுக்கு உயர்ந்திருக்கிறேன்.