சிவப்பு மருந்து பூசிய முகம்

அந்தப் போட்டோவைக் கையில் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நானா இது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஊர் பாரூர் வெயிலில் கறுத்துக் கிடந்த முகம் பளிச்சென்று வெளுத்திருந்தது. ஓசூரில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் முக்காலி மேல் மரப்பெட்டியை வைத்துப் படமெடுப்பார் ஒருவர். எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர். பெட்டிதான் கேமரா, அதற்குள்ளேயே இருட்டறையும். துணிக்குழாய்க்குள் கையை விட்டுத் தாளைக் கழுவி எடுப்பார். முதலில் வருகிற தாளில் கறுப்பெல்லாம் வெளுப்பாக, வெளுப்பெல்லாம் கறுப்பாக இருக்கும். அதை லென்சுக்கு முன்னால் பலகையில் ஒட்டி, மறுபடி ஒரு படம் எடுத்தால்தான் ஆள் ஆளாகத் தெரியும். அதற்கு முன்பு, அந்தத் தாளில் முகம் இருக்கிற இடத்தில், காயத்துக்குப் போடுகிற சிவப்பு மருந்தை மெல்லப் பூசிவிடுவார். சிவப்பு பட்ட இடம் கடைசிப் படத்தில் வெளுத்துவிடும். பெண்கள் யார் வந்தாலும் கேட்காமலே இப்படிச் செய்வார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

புதிதாக வேலைக்குச் சேரப் போன கம்பெனி கேட்டில் காவலாளி படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஏம்மா, உங்க அக்கா போட்டோவ எடுத்துக்கினு வந்துட்டியா? இத ஒட்டி பாஸ் போட முடியாது. மத்தியானத்துக்குள்ள வேற கொண்டா. இல்லன்னா அடுத்த பொண்ணுக்குத்தான் வேல."

ஏரி வறண்டு, நிலம் தரிசாகக் கிடந்த வருஷம் அது. அந்த வேலை போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. பெட்டிக்காரரிடம் திரும்ப ஓடினேன். "யாரக் கேட்டு என் மூஞ்சிய மாத்துனீங்க?" என்று நடுரோட்டில் கத்தி, அழுதும்விட்டேன்.

பெட்டிக்காரர் என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார். "வெள்ளையா வரலன்னுதாம்மா பொண்ணுங்க அழுவாங்க. நீ என்னாடான்னா வெள்ளையா வந்ததுக்கு அழுவுற!"

மறுபடி உட்கார்ந்தேன். மருந்து பூசாமல் எடுத்தார். வியர்வையும் கோபமுமாக இருந்த அந்தக் கறுத்த முகத்தைக் காட்டித்தான் உள்ளே போனேன்.

"அது உனக்கு ஆவாதில்ல, நான் வச்சிக்கிறேன்" என்று வெள்ளை முகத்தை அவர் வாங்கிக்கொண்டார். வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரிப் படமாகப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டார். கம்பெனி பஸ் அவ்வழியாகத்தான் போகும். ஷிஃப்ட் முடிந்து, கால் வீங்கி, ஜன்னலில் தலைசாய்த்து வருகிறபோது அவளைப் பார்ப்பேன். வேலைக்கு ஆகாதவள் என்று திருப்பி அனுப்பப்பட்டவள், மர நிழலில் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். பொறாமையாக இருக்கும். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். மரமும் இல்லை, பெட்டிக்காரரும் இல்லை, அவளும் இல்லை.

எனக்கு மட்டும் வேலை இன்னும் இருக்கிறது. இப்போது கேட்டில் முகம் பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். என் மூஞ்சியைக் கண்டதும் சட்டென்று பச்சை விளக்கு போட்டுத் திறந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள், 'இது நீ இல்லம்மா, வீட்டுக்குப் போ' என்று சொல்லக் கூடாதா அது?