பந்து நின்ற வலை

நான் கட்டிக் கொடுத்த முதல் வலையில் பந்து மாட்டிக்கொண்டது. திருவொற்றியூர் மைதானத்தில் பாஸ்கெட்பால் வளையத்தின் வலை கிழிந்துவிட்டது, நீ ஒன்று பின்னிக் கொடு என்று தம்பி கேட்டான். நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் நைலான் நூலுக்கும் வலை ஊசிக்கும் குறைவில்லை. பன்னிரண்டு கண்ணி வைத்து ஆரம்பித்தேன். பழக்கத்தில் கை அடியைக் குறுக்கிவிட்டது. மீன் வலை அப்படித்தான், பிடித்ததை விடக் கூடாது. தம்பி போட்ட முதல் பந்து உள்ளே போய் அங்கேயே நின்றது.

டீம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா நைனா, வஞ்சிரம் புடிக்க வல வுட்டியா?" என்றான் ஒருத்தன். தம்பி எம்பிக் கீழிருந்து ஒரு தட்டு தட்டினான். பந்து வெளியே வந்தது. ஆறரை அடி ஆள். "டேய், எங்கண்ணன் கட்ன வலடா. உள்ள பூந்தா தப்பாது" என்றான்.

நான் ஐந்தாவதோடு நின்று கடலுக்குப் போனவன். அவன் பந்து ஆடியே ஒரு கம்பெனி டீமில் மாதச் சம்பளம் வாங்கினான். "பந்த தூக்கிப் போட்டா சம்பளமாடா?" என்று அம்மா ஊருக்கே கேட்கும்படி கேட்பாள். பெருமைதான்.

லீவில் வந்திருந்தபோது ஒருநாள் காலை என்னோடு பைபர் படகைக் கரையேற்றத் தோள் கொடுத்தான். பாதி மணலில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். விழவில்லை, உட்கார்ந்தான். உதடு கறுத்துவிட்டது. நெஞ்சில் கை. நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் தெளிந்துவிட்டான்.

"அண்ணா, அம்மாகிட்ட சொல்லாத."

"ஆஸ்பத்திரிக்கு வா."

"அடுத்த வாரம் பெரிய டீமுல மெடிக்கல் கீது. நெஞ்சு வலின்னா தொரத்திடுவான். சாப்டாம வந்துட்டேன், அவ்ளோதான். சொல்லாத."

சரி என்றேன்.

மெடிக்கலில் மயக்கம், வலி எதுவும் உண்டா என்று டாக்டர் கேட்டாராம். இல்லை என்றானாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். நானும் சிரித்தேன். அந்த மாதமே திருவொற்றியூர் மைதானத்தில் பிராக்டிஸில் போய்விட்டான். இருபத்து நாலு வயது. நான் கடலிலிருந்து வந்து சேர்ந்தபோது கோச் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பந்து உள்ள போச்சுப்பா. அதப் பாத்துகினே உக்காந்தான்" என்றார். உட்கார்ந்தான் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வருடமாக அம்மா கேட்டாள். மீன் கழுவும்போது, சோறு போடும்போது. "முன்ன ஏதாச்சும் சொன்னானாடா உங்கிட்ட?" இல்லம்மா என்பேன். கேட்டதையே கேட்பாள். சொன்னதையே சொல்வேன்.

போன மாதம் கோச் போன் செய்தார். புது வலை வேண்டுமாம். கட்டிக் கொண்டுபோய் மாட்டினேன். ஒரு பையன் பந்து போட்டான். நின்றுவிட்டது. மறுபடியும் கை அடியைக் குறுக்கியிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. எம்பித் தட்ட ஆள் இல்லை. கம்பு தேடினார்கள். நான் அதைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா வாசலில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"சொன்னான்மா."

கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "எப்போடா?"

படகு தள்ளிய காலையிலிருந்து ஆரம்பித்தேன். முடித்ததும் எழுந்து உள்ளே போனாள். இப்போது அதைக் கேட்பதில்லை. என்னிடம் எதையுமே கேட்பதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

சொன்னதற்கு மறுநாள் மைதானத்துக்குப் போய் வலையின் அடியை அறுத்து அகலமாகக் கட்டினேன். பந்து நிற்காமல் விழுகிறது. அந்தப் பக்கம் போனால் பந்து விழும் சத்தம் கேட்கும். உடனே திரும்பிப் பார்க்கிறேன், யாராவது உட்கார்ந்துவிட்டார்களா என்று.