மெஹர் பானுவின் எட்டாம் வகுப்பு

மிஷின் ஓடும்போது மெஹர் பானுவின் உதடுகளும் சேர்ந்து ஓடும். ரவிக்கைத் துணியோடு வந்து நிற்கும் பெண்கள், ஏதோ ஓதுகிறாள் என்று நினைத்து வாசலிலேயே மரியாதையாகக் காத்திருப்பார்கள். நூல் அறுந்து மிஷின் நின்றால்தான் குரல் தெளிவாகக் கேட்கும். "இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் உதவியால் உணவைத் தயாரிக்கிறது." ஓதவில்லை, படிக்கிறாள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் வீடு. வயது முப்பத்தாறு. கணவர் சர்தார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அப்போது மகள் சாகிரா ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தாய் அவளைவிட ஒரு வகுப்பு மேலே. தையல் ஆசிரியைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனபோது, அங்கிருந்தவர் தலையைக் கூட நிமிர்த்தாமல், "எட்டாவது பாஸா?" என்று கேட்டிருக்கிறார். மெஹர் பானு ஐந்தோடு நிறுத்தப்பட்டவள். அன்றைக்குத் திரும்பி வரும் வழியிலேயே பழைய புத்தகங்களை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பைத் தனியாகப் படித்து எழுதலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

எதையும் அவள் சும்மா மனப்பாடம் செய்ய மாட்டாள். முதலில் ஒரு சண்டை போட்டாக வேண்டும். ஆங்கிலத்தோடுதான் பெரிய சண்டை. "ஒருத்தன் போனா எஸ் போடணுமாம், பத்து பேரு போனா எஸ் வாணாமாம். எந்த ஊரு நாயம் இது?" வரலாற்றுப் புத்தகத்தில் செஞ்சிக் கோட்டையைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே அதே கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு அவற்றைப் படித்தாள். மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர். "எவனோ வர்றான், புடிக்கிறான், வுட்டுட்டுப் போயிடறான். கடைசியில நாமதான் மிச்சம்." பூமி உருண்டையின் படத்தில் நிலநடுக்கோட்டைக் கண்டதும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "இது இடுப்பளவு" என்று சொல்லி, தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அறிவியலில் மட்டும் சண்டை இல்லை, ஆசை. காயத்துக்குப் போடும் டிங்சரைச் சோற்றில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும் என்று படித்தாள். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த சர்தார் திடுக்கிட்டுப் போனார்.

"இன்னா பானு, சோறு நீலமா இருக்குது?"

"மாவுச்சத்துங்க. பயப்படாதீங்க, அது என் தட்டு."

அதோடு விட்டாளா? உருளைக்கிழங்கு, மைதாப் பசை, கடைசியில் கஞ்சி போட்ட தன் சேலை முந்தானை. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. அதே சேலையை உடுத்திக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் முந்தானையை விரித்துக் காட்டி விளக்கம் சொல்வாள்.

அவளைக் கவிழ்த்தது கணக்கு. கூட்டல், கழித்தல், பின்னம் எல்லாம் வசப்பட்டன. எக்ஸ் என்ற எழுத்து எண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்ததும் கை நின்றுவிட்டது. பரீட்சை முடிவு வந்தபோது மற்றப் பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள், கணக்கில் இல்லை. அன்று ஒரு ரவிக்கைத் துணியில் இரண்டு கைகளையும் ஒரே பக்கமாக வெட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மிஷினின் மேல் துணியைப் போர்த்தியவள் எடுக்கவே இல்லை. "பொண்ணு கட்டிக் குடுக்கிற வயசுல இவளுக்கு இன்னாத்துக்கு இந்த ஆசை?" என்று சந்தில் பேசியது உள்ளே வரைக்கும் கேட்டது. சாகிரா அம்மாவின் புத்தகங்களை எடுத்துத் தன் புத்தகங்களோடு அடுக்கி வைத்தாள்.

சர்தார்தான் பேசினார். "கணக்கு ஒண்ணுதான போச்சு? ஒரு டயர் பஞ்சரானா வண்டியவே தூக்கிப் போட்டுடுவியா? என் கடைக்கு அப்பறம் எவன் வருவான்?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் மிஷினின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

வெட்டிக் கெடுத்த துணிக்குச் சொந்தக்காரி சந்தனா. சிங்கவரத்தில் நிலம் வைத்திருக்கும் சமணக் குடும்பத்தின் மருமகள், பத்தாவது வரை படித்தவள். பஸ்ஸில் வந்து இறங்கியவளிடம் மெஹர் பானு எக்ஸில் கவிழ்ந்தது முதல் துணி கெட்டது வரை சொல்லி மன்னிப்புக் கேட்டாள். சந்தனா துணியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, எக்ஸ்னா யாருன்னு மொதல்லயே கேக்கறீங்க, அதான் தப்பு. பொறந்த புள்ளைக்குப் பேரு வெக்கிற வரைக்கும் பாப்பான்னு கூப்புடறது இல்ல? அந்த மாதிரி."

மெஹர் பானு அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "அப்ப கணக்கு முடியறப்பதான் பேரு வெப்பாங்களா?"

"ஆமாங்க்கா."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் பாட்டுக்குப் பேரில்லாத புள்ளகிட்டப் போய் சண்ட போட்டுக்கினு இருந்தேன்."

அதன்பின் சிங்கவரத்திலிருந்து சந்தனா செஞ்சிக்கு வரும்போதெல்லாம் ஏதாவதொரு துணி தைக்கக் கொடுப்பாள். தைத்து முடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவாள். அந்த வருஷம் அவள் வீட்டில் தேவைக்கு மேல் ரவிக்கைகள் சேர்ந்துவிட்டன.

இரண்டாம் தடவை கணக்கும் தேறியது. சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தவர் சர்தார். மெஹர் பானு அன்று மிஷினின் முன்னால் உட்கார்ந்து, உதடு அசையாமல், நாள் முழுக்கத் தைத்தாள்.

சென்ற மாதம் திண்டிவனத்தில் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் அவள் போன பஸ் தாமதம். வேர்த்து விறுவிறுத்து வகுப்பு வாசலில் போய் நின்றாள். பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் பெஞ்சுகளில் நிறைந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. அத்தனை பேரும் சட்டென்று எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்றார்கள்.

மெஹர் பானு தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேரே முன்வரிசைக்குப் போனாள். அங்கே நின்றிருந்த பெண்ணின் தோளில் கை வைத்து, "கொஞ்சம் நவுந்துக்கோ கண்ணு" என்று சொல்லி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.