வெறுங்கையோடு முதலிடம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்திருக்கிறேன். அதற்குப் பத்திரிகையில் மறுப்பும் வந்துவிட்டது. மறுப்பை எழுதியது என் அம்மா.

திருநெல்வேலியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பத்திரிகைக்கு அம்மாதான் தென்காசி வட்டார விளையாட்டு நிருபர். பெயர் போட மாட்டார்கள், இரண்டு இனிஷியல் மட்டும்தான். அதனால் வாசகர் கடிதங்களெல்லாம் ‘அன்புள்ள அண்ணாச்சிக்கு’ என்றுதான் தொடங்கும். அம்மா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு இல்லாத மீசையை முறுக்கிக்கொள்வாள். வடகரையில் நடந்த கைப்பந்துப் போட்டியில் பந்து இரண்டு முறை தென்னையில் பட்டுத் திரும்பியபோது, ‘மூன்றாவது அணியாகக் களமிறங்கிய தென்னை மரம் இரு தரப்புக்கும் பாரபட்சம் காட்டவில்லை’ என்று எழுதினாள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திக்குள் பந்து தேடப் போன கிரிக்கெட் ஆட்டக்காரர், ‘பந்து இல்லாமல், உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, நலங்கு முடிந்த மாப்பிள்ளையாகத் திரும்பினார்.’ அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது கடைசி வரியில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மாலைப் பத்திரிகையில் ஒரு சிக்கல் உண்டு. பகல் பன்னிரண்டுக்குப் பக்கத்தை மூடிவிடுவார்கள். ஆட்டமோ பன்னிரண்டுக்குத்தான் முடியும். அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். காலையிலேயே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இரண்டு செய்திகளை அடித்து அனுப்பிவிடுவாள். ஒன்றாம் நம்பரில் நம் அணி ஜெயித்திருக்கும், இரண்டாம் நம்பரில் தோற்றிருக்கும். ஆட்டம் முடிந்ததும் ஆபீசுக்குப் போன் போட்டு, “ஒண்ணு” என்றோ “ரெண்டு” என்றோ சொன்னால் போதும். எதைச் சொல்கிறாளோ அது அச்சாகும்.

நான் படித்தது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. குற்றாலம் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தெரியும். தெருவில் பாதிப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறித் தென்காசிக்குப் போய்விட்டார்கள். எட்டு வகுப்புக்கும் சேர்த்து நாங்கள் இரண்டு அறைகளில் அடங்கிவிட்டோம். வரும் ஜூனுக்குள் புதிதாகப் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பெரிய டீச்சர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“ஊரே வேன்ல அனுப்புது. பத்திரிகைக்காரி மவனுக்கு மட்டும் இலவச யூனிபார்மா?” என்றார் அம்மாவிடம்.

“வேன்ல போற பிள்ளைய எல்லாம் உங்க கடைக்கு வந்து மிட்டாய் வாங்குதா அண்ணாச்சி? எம்மவன் நடந்து வாரான், தெனமும் வாங்குதான்” என்றாள் அம்மா.

அண்ணாச்சி யோசிக்க ஆரம்பித்தார்.

அந்த ஜனவரியில் தென்காசி மைதானத்தில் வட்டார விளையாட்டுப் போட்டி. நாலு பேர் தொடர் ஓட்டத்தில் எங்கள் பள்ளியும் இருந்தது. ஓடத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது ஆளாக, ஏழாம் வகுப்பில் மிச்சமிருந்தவன் நான். ஜெயித்தால் பேப்பரில் வரும், வந்தால் பிள்ளைகள் சேருவார்கள் என்று பெரிய டீச்சர் எங்களை நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடமே என் காலில் நிற்பதாக எனக்குப் பட்டது. நல்ல கால்களாக இருந்திருக்கலாம்.

முதல் மூவரும் பிரமாதமாக ஓடினார்கள். மூன்றாமவன், எட்டாம் வகுப்புக்காரன், மற்றவர்களைவிடப் பத்தடி முன்னால் கோலோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். கோல் கைக்கு வருவதற்குள் கொஞ்சம் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது பாடம். நான் கொஞ்சம் அதிகமாகவே ஆரம்பித்துவிட்டேன்.

“ஏலே, நில்லுலே! ஏலே!” என்று பின்னாலிருந்து கத்தினான். ஜெயிக்கிற நேரத்தில் யாராவது நிற்பார்களா? எல்லோரும் கத்தினார்கள். எனக்காகத்தான் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். நாடாவை நெஞ்சால் அறுத்தேன். இரண்டு கைகளையும் உயரத் தூக்கினேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் மைதானம் முழுவதற்கும் தெரிந்தது.

நடுவர் எங்கள் பள்ளியின் பெயரை அடித்துவிட்டார். கோலோடு நின்றவன் என்னிடம் வந்து, “இந்தா, இப்பமாவது வாங்கிக்கோலே” என்று அதை நீட்டினான்.

மைதான ஓரத்தில் அம்மா, ஜெயித்த பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். செல்போனை என்னிடம் எறியாத குறையாகக் கொடுத்து, “ஆபீசுக்குப் போட்டு, ரெண்டுன்னு மட்டும் சொல்லு” என்றாள்.

போன் போட்டேன். 

“யாருலே பேசுதது? அம்மைய எங்க?” என்றார் ஆபீஸ் அண்ணாச்சி. “சரி, சட்டுனு சொல்லு. ஒண்ணா, ரெண்டா?”

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. நாடாவை முதலில் அறுத்தது யார் என்று ஒரு நிமிடம் நேர்மையாக யோசித்துப் பார்த்தேன்.

“ஒண்ணு, அண்ணாச்சி” என்றேன்.

சாயங்காலம் பேப்பர் வந்தது. பலசரக்குக் கடையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஒரு கடலை மிட்டாய் சும்மா கிடைத்தது. அதைத் தின்று முடிப்பதற்குள், உண்மையில் ஜெயித்த பள்ளியிலிருந்து ஆபீசுக்கும், ஆபீசிலிருந்து அம்மாவுக்கும் போன் வந்துவிட்டது. அம்மா போனைக் காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்தபடி கேட்டாள். ஆபீஸ் அண்ணாச்சி வேலையை விட்டுத் தூக்கிவிடுவதாகக் கத்துவது அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

“தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. நம்பர மாத்திச் சொல்லிட்டேன்” என்றாள் அம்மா.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். 

“ஏம்லே?”

“நான்தானம்மா மொதல்ல வந்தேன்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழாததால் திறந்து பார்த்தேன். அம்மா அரிவாள்மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை எடுத்தாள்.

மறுநாள் வந்த மறுப்பு இதுதான்: ‘முந்தைய இதழில் தொடர் ஓட்டத்தில் வென்றதாகச் சொல்லப்பட்ட பள்ளி, மைதானத்தில் வெல்லவில்லை. கடைசியாக ஓடிய மாணவர் முதலாவதாகவே வந்தார். கோலை மட்டும் கொண்டுவர மறந்துவிட்டார். நிருபர் உண்மையை மறந்துவிட்டார். இருவரும் வருந்துகிறோம். மற்ற மூன்று பிள்ளைகளும் காற்றாக ஓடினார்கள் என்பதில் மாற்றமில்லை. அங்கே கட்டணம் இல்லை, சத்துணவு உண்டு, நல்ல டீச்சர்கள் உண்டு. ஆள்தான் போதவில்லை. ஆள் இருந்திருந்தால் அந்த மாணவரை ஓடவிட்டிருப்பார்களா?’

பெரிய டீச்சர் காலை வழிபாட்டில் இதைச் சத்தமாக வாசித்தார். அன்றிலிருந்து என் பெயர் ‘வெறுங்கை’. மஞ்சள் வேனிலிருந்துகூட எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்கள். அம்மாவின் வேலை போகவில்லை. ஆனால் ஆபீசில் ஒரு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

மே மாதம் வந்தது. அம்மா தினமும் சாயங்காலம் குடையும் நோட்டுமாகக் கிளம்பினாள். பெரிய டீச்சர் முக்கில் காத்திருப்பார். எங்கே என்று கேட்டால், “மேட்ச்” என்பாள். இருட்டுகிற நேரத்துக்குத் தொண்டை கட்டித் திரும்பி வருவாள்.

“யாரும்மா ஜெயிச்சா?”

“இன்னும் முடியலைலே.”

“நேத்தும் முடியலன்னியே?”

“கஷ்டமான டீம். நாளைக்கும் ஆடணும்.”

ஒரு மாதமாக ஒரே மேட்ச். பேப்பரில் ஒரு வரி வரவில்லை. என்னால் அம்மாவுக்கு எழுத்து நின்றுபோய்விட்டது, அதை மறைக்கத்தான் சும்மா வெளியே போய் வருகிறாள் என்று முடிவு செய்தேன். குற்றாலநாதருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். உரித்த தேங்காயா, உரிக்காததா என்று சொல்லவில்லை. பின்னால் வசதியாக இருக்கட்டும் என்று.

ஜூனில் பள்ளி திறந்த அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த தலைகளோடு ஒன்றாம் வகுப்பில் பதினாலு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து அழுது எங்கள் பள்ளி கேட்டதே இல்லை. பெரிய டீச்சர் பூட்டிக்கிடந்த மூன்றாவது அறையைத் திறந்து ஒட்டடை அடிக்கச் சொன்னார். பள்ளி இனி எங்கும் போகாது என்று புரிந்தது. என் மறுப்புச் செய்தி செய்த வேலை என்று பெருமையாக நின்றேன்.

பெஞ்சின் ஓரத்தில் அழாமல் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதான் வெறுங்கை அண்ணனா? உங்கம்மா எங்க வீட்டுக்கு ஆறு தடவ வந்தாவ. எங்கப்பா மொத ரெண்டு தடவ கதவத் தொறக்கவே இல்ல. பெறகு காப்பி குடுத்தாவ.”

எனக்குச் சுருக்கென்றது. மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊரார் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தால் யார் ஜெயித்தார்கள் என்று எப்படித் தெரியும்? அன்று சாயங்காலம் வரை நான் அம்மாவோடு பேசவில்லை.