கறிவேப்பிலைக்குக் கம்பளித் தொப்பி

என் மனைவி இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து இறங்கியபோது அவளுடைய கைப்பைக்குள் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வந்து இறங்கியது. வேரில் ஈரத்துணி சுற்றி, பால்மாத் தகர ரின்னுக்குள் நிறுத்தி, மேலே ஒரு சட்டையைப் போட்டு மூடியிருந்தாள். விமான நிலையத்தில் அவள் முதலில் திறந்து பார்த்தது ரின்னைத்தான். அது உயிரோடு இருப்பதை உறுதிசெய்த பிறகு என்னைப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. லிபெர்த்தா வீதியில் ஒரு சின்யோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் கூட்டித் துடைப்பது, சமைப்பது, நாயை உலாத்தக் கொண்டுபோவது எல்லாம் என் வேலை. நாங்கள் இருந்ததோ ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால், வெயில் எட்டியும் பார்க்காத ஒரு கீழ்த்தள அறையில். கார்த்திகை பிறந்ததும் சுவர் வியர்த்தது. கன்றில் இரண்டு இலை பழுத்தது.

"இஞ்சாருங்கோ, நானும் இதுவும் ஒண்டா வந்தனாங்கள். இது பட்டுப்போச்செண்டா நானும் ஊருக்கு வெளிக்கிட்டிடுவன்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் பகிடிக்காரன். எது பகிடி, எது பகிடி மாதிரி என்று எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஞாயிறு பூசையைத் தவிர எங்கும் போகவில்லை. பெட்டியில் பாதி உடுப்பை இன்னும் வெளியே எடுக்கவில்லை.

சின்யோராவின் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் அடுப்போ ஹீட்டரோ எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் அவர் தன் பொமேலியாச் சாடிகளை அங்கே கொண்டுபோய் வைப்பார். பொமேலியா என்றால் நம் ஊர்க் கோயில் முற்றத்தில் நிற்கும் அதே ஈழத்தலரிதான். இலை கொட்டிய ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முட்டைக்கோதைக் கவிழ்த்து வைத்திருப்பார். முதல் வருடம் அதைப் பார்த்தபோது, மனுசிக்கு மூளை தட்டிவிட்டது, வேறு வேலை தேடவேண்டும் என்று நினைத்தேன். நுனி குளிரில் கருகாமலிருக்க இந்த நகரத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

கன்றுக்கு அங்கே இடம் கேட்டேன். சின்யோரா ஓர் இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். "வெயில் படும் சுவரோடு வை. வெயில் ஏறியதும் ஜன்னலைத் திற, இறங்க முன் மூடு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

தை மாதம் வடக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. மாடியில் நின்று பார்த்தால் நகரத்துக்குப் பின்னால் மலைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அந்த நேரம் பார்த்துச் சின்யோரா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பனி என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், எல்லாவற்றையும் இழுத்து மூடுவது. கிணற்றடிக்குப் போகக்கூடத் தலையில் துவாய் கட்டுகிற சனம் நாங்கள். வியா மக்வேதாக் கடைத்தெருவில் ஒட்டுகிற பிளாஸ்டர் வாங்கிவந்து கண்ணாடி அறையின் ஒவ்வொரு நீக்கலையும் ஒட்டினேன். கன்றின் அடியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினேன், தாராளமாக. என் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் போட்டேன். தண்டில் தைலம் பூசலாமா என்றும் யோசித்து மூடியைத் திறந்தேன். பூசாமல் விட்டதற்குக் காரணம் புத்தி அல்ல, தைலம் தீர்ந்துபோயிருந்ததுதான். பிறகு கதவைப் பூட்டி, தொட்டில் பிள்ளையை எழுப்பக்கூடாது என்பதுபோல் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எங்கள் ஆட்களில் ஒருவன் கேட்டான், "அண்ணை, கறிவேப்பிலை சுகமோ?"

"சுகம். தொப்பி போட்டிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

சின்யோரா திரும்பிவந்து கண்ணாடி அறையைத் திறந்தபோது முகத்தில் ஆவி அடித்தது. வெளியே குளிர்காற்று என்றாலும் பகல் முழுக்க வெயில் எறித்திருக்கிறது. உள்ளே கண்ணாடியெல்லாம் தண்ணீர் வடிந்தது, சாடிகளில் சாம்பல் பூஞ்சணம். "உள்ளே என்ன, சூப் வைக்கிறாயா?" என்றார். தொப்பியைத் தூக்கினார். இலைகள் தொப்பிக்குள் இருந்தன. ரின்னில் ஒரு குச்சி நின்றது.

பலெர்மோவில் கறிவேப்பிலைக்கு எங்கே போவது? சூப்புக்குப் போடும் அல்லோரோ இலையை நூலால் கட்டிவிட்டால் தூரத்தில் நின்று பார்க்க வித்தியாசம் தெரியுமா என்று யோசித்தேன். ஒரு குச்சிக்கு ஏன் இப்படி முழிக்கிறாய் என்று கேட்டார், அது பட்டுப்போனால் மனைவி ஊருக்கு வெளிக்கிட்டுவிடுவாள் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீழே போய் ஒரு முட்டைக்கோதோடு வந்து குச்சியின் நுனியில் கவிழ்த்தார். "இதற்கு உதவுமோ தெரியாது. நீ போய் அவளைக் கூட்டி வா" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இஞ்சாரும், உம்மடை கன்று கொஞ்சம் மெலிஞ்சு போச்சு."

"எவ்வளவுக்கு?"

"இலை இல்லாத அளவுக்கு."

அவள் செருப்பைப் போட்டாள். பஸ்ஸில் ஏறிப்போய்ச் சின்யோரா வீட்டுப் படி ஏறினோம். மேலே போய் ரின்னின் முன் நின்றாள். கெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் கந்தோரில், வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவுக்கு நிற்கும்போது அதிகாரியின் முகத்தைப் பார்ப்பேனே, அப்படி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதென்ன முட்டைக்கோது?"

"தொப்பி."

"முதல் உங்கடை தொப்பி, இப்ப இது. பாவம், பச்சைத்தண்ணியிலை ஊறவைச்சே கொண்டுபோட்டியள்."

"பச்சைத்தண்ணி இல்லையப்பா, சுடுதண்ணி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த அறையிலிருந்த மிச்சமும் பட்டுப்போயிருக்கும்.

கவிழ்ந்து கிடந்த ஒரு சாடியில் உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, சுவரில் வெயில் படுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில், இந்த ஊருக்கு வந்தபிறகு முதல்தடவையாக, சுவெற்றரைக் கழற்றினாள். சின்யோரா கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. சின்யோரா மொட்டைப் பொமேலியாக்களைக் காட்டி, விரல்களைக் குவித்து, மெல்ல விரித்தார். என் மனைவி தலையாட்டினாள். பிறகு அவளுடைய கண் மூலையிலிருந்த பழப்பெட்டிகளுக்குப் போனது. சின்யோரா அவற்றில் சலாதுக் கீரை போட்டிருந்தார். இரண்டு பெட்டி வெறுமை.

"அது சும்மா கிடக்குதோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். சும்மாதான் கிடந்தது.

"என்னட்டைக் கத்தரி விதை கிடக்கு. இதுக்குள்ளை போட்டு முளைக்கவைச்சா எப்ப வெளியிலை நடலாமாம்?"

அதையும் கேட்டேன். சித்திரை முடிய, குளிர் முற்றாக விட்டபின் என்றார் சின்யோரா.

"அப்ப ஆடிக்குக் காய் பிடுங்கலாம்" என்றாள், தனக்குத்தானே.

தை, மாசி, பங்குனி என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு ஓடினேன். ஆடி! குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஆடிக்கோ?" என்றேன்.

"ஓம். ஏன், உங்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதோ?"

"உயிர்" என்றேன்.

குச்சி பிழைக்கவில்லை. பங்குனியில் அவளே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரின்னைக் கழுவி அதற்குள் ஒரு கத்தரி நாற்றை ஊன்றினாள். கண்ணாடி அறைப் பூட்டின் திறப்பும் அவள் கைக்குப் போய்விட்டது. நான் ஜன்னல் பக்கம் போனாலே இருவரும் இரண்டு மொழியில் கத்தினார்கள். கத்தரிக்காய் தின்றால் எனக்கு நாக்கும் தொண்டையும் சொறியும், சின்ன வயதிலிருந்தே. அந்த ஆடி முழுக்கச் சொறியச் சொறியச் சாப்பிட்டேன்.