விமானம் காணாத ஆறு நாள்

எங்கள் சாய்ந்தமருதில் அச்சிமுகம்மது மாமாவிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. கலியாண வீட்டிலும் சொல்வார், மையத்து வீட்டிலும் சொல்வார். என் உடன்பிறந்த மூத்தவர் மசூர் காக்கா அவருடைய மகள் சுல்பிகாவைக் கலியாணம் முடித்திருந்தார். அதனால் எனக்கும் அவர் மாமா.

வெள்ளைக்காரனின் சண்டைக்காலத்தில் மாமாவுக்கு இருபது வயது, திருகோணமலையில் கூலி வேலை. கடலில் இறங்கிக் கடலிலிருந்தே ஏறும் வேவு விமானங்கள் அங்கே நின்றன. வயிற்றுப்பக்கம் தோணி மாதிரி இருக்குமாம். பக்க ஜன்னல் தட்டையாக இருந்ததால் உள்ளே இருப்பவனுக்கு நேர் கீழே தெரியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, குமிழ் போல வெளியே தள்ளிய கண்ணாடியைப் பூட்டினார்கள். அது சரிவருமா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீந்தத் தெரிந்த மாமாவை றப்பர் தோணியில் ஏற்றி ஆழக்கடலில் விட்டார்கள். முதல் நாள் விமானம் தலைக்கு மேலால் நாலு தடவை போனது, உள்ளே இருந்தவன் அவரைக் காணவில்லை. பின்னேரம் லாஞ்சுப் படகு போய் அவரை ஏற்றி வந்தது. மறுநாள் உள்ளே இருக்கையை உயர்த்தினார்கள். பிறகு கண்ணாடியையே மாற்றினார்கள். ஆறு நாள் மாமா வெயிலில் வெந்ததுதான் மிச்சம். ஏழாம் நாள்தான் கண்டார்கள்.

"ஆறு நாளும் நான் அங்கதான் இருந்தன்" என்று முடிப்பார். நாங்கள் சிரிப்போம்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு முதல் நாள் கடலுக்குப் போன மசூர் காக்கா திரும்பவில்லை. தேடப் போன விமானத்தின் கண்ணில் எதுவும் படவில்லை என்று தகவல் வந்தது. பள்ளிவாசலில், உடல் இல்லாமலே மவுத்தானவருக்குத் தொழும் காயிப் ஜனாஸாவுக்கு ஏற்பாடு செய்தோம். மாமா வாசலில் நின்று மறித்தார்.

"பிளேன் காணல்ல எண்டா ஆள் மவுத்தெண்டு ஆரு சொன்ன? என்னயும்தான் காணல்ல."

தொழுகையும் இல்லை, கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து இருக்கும் இத்தாவும் சுல்பிகாவுக்கு இல்லை. இருபத்துநாலு வயதில் அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. மருதமுனைத் தறியில் நெய்து சாப்பிட்டாள். விமானச் சத்தம் கேட்டால் மாமா கடற்கரைக்கு ஓடுவார். பெற்ற பிள்ளைக்கு ஒரு தொழுகை இல்லையே என்ற ஏக்கத்தோடு என் உம்மா கண்ணை மூடினா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

நாலு வருஷம் கழிந்தது. இனி ஆள் மவுத்தென்று முடிவெடுக்கலாம் என்று, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காதியார் சொல்லிவிட்டார். நான் போய்ச் சொன்னபோது மாமா பழையபடி றப்பர் தோணிக் கதையில் ஏறிவிட்டார். கதை முதல் நாளுக்கே வரவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து சுல்பிகா வந்தாள்.

"வாப்பா, பின்னேரம் லாஞ்சு வந்திச்சே, அது தேடியா வந்த? நேரா உங்களிட்டத்தானே வந்த. உங்கள விட்ட இடம் அவனுகளுக்குத் தெரியும். இவர் கிடக்கிற இடம் ஆருக்கு வாப்பா தெரியும்?"

மாமா கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் மகள், ஆருக்கும் தெரியாது" என்றார்.

எழும்பிக் கல்முனைக் கடைத்தெருவுக்கு நடந்தே போனார். வெள்ளைப் புடவையோடு திரும்பி வந்தார். அதை மகளிடம் கொடுக்கக் கை வராமல் என்னிடம் தந்தார். எனக்கு அவர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த ஜனாஸாவைத் தொழுதோம். மறித்து நின்றவர் முன் வரிசையில் நின்றார். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "மசூரு" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டு அழத் தொடங்கினார்.