காலொடிந்த துணைவன்

உலகம் அழிந்தபின் உயிர்பிழைக்கப் போராடும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றை வாங்கலாமா என்று, ஆடியவர்களின் கருத்துகளைப் படித்தேன். "காலொடிந்த துணைவனை விட்டுவிடுங்கள், சாப்பாடு மிஞ்சும்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

உத்தமபாளையம் வீட்டில், இதன் பழைய பதிப்பில், அக்காவும் அதைத்தான் செய்தாள். எனக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே இடக்கால் சூம்பியிருந்ததால் விடுமுறையெல்லாம் அவளருகில்தான் இருப்பேன். கம்ப்யூட்டர் சூடாகித் தூசி வாடை அடிக்கும்.

"அவன அங்கனயே விட்டுட்டியாக்கா?" என்றேன்.

"கேம்தானடி" என்றவள், திரும்பி என் காலைப் பார்த்துவிட்டாள்.

கேமை முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை ரொட்டியில் பாதி அவனுக்குக் கொடுத்தாள். கேமின் மூன்றாம் நாளில் இருவருமே பசியில் செத்தார்கள். மறுபடியும் தொடங்கினாள். அந்த விடுமுறை முழுக்க அவள் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.